விடுதி வாரத்தைத் தானம் கொடுத்தால் வரி குறையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரி பாரம் (படிவம்) நிரப்பும் மாதங்களில் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. டைம்ஷேர் உறுப்பியம் (ஆண்டுதோறும் விடுதியில் ஒரு வாரம் தங்கும் உரிமை) வைத்திருப்பவர்கள் கேட்பது: "இந்த வருஷ வாரம் சும்மா கிடக்கிறது, பராமரிப்புக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. அதை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டு, அறை வாடகையைக் கணக்குப் போட்டு நன்கொடையாகக் காட்டலாமா?" சிலர் கேட்பதோடு நிற்பதில்லை, காட்டியும் விடுகிறார்கள். தொழிலாக வரிக் கணக்கு பார்ப்பவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

கழிக்க முடியாது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) துணைப்பிரிவு, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்குத்தான் வரிக் கழிவு தருகிறது. பாரத்தைத் திறந்து பாருங்கள், அந்தக் கட்டத்தில் 'ஹடியா வாங்' என்றே எழுதியிருக்கும். வாங் என்றால் பணம். ஏழு இரவு அறை பணம் இல்லை. அறைக்கு விடுதி முகப்பில் என்ன விலை போட்டிருந்தாலும், இல்லத்தின் செயலாளர் நன்றிக் கடிதத்தில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதிக் கொடுத்தாலும் அது மாறாது.

டைம்ஷேரில் மட்டும் வரும் சிக்கல் இல்லை இது. நம் மக்கள் பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லங்களுக்கு அரிசி மூட்டை, சமையல் எண்ணெய், பெரியவர்களுக்கான டயப்பர் என்று வாங்கிக்கொண்டு போவது வழக்கம். புண்ணியக் கணக்கில் அது நிச்சயம் ஏறும், 44(6) கணக்கில் ஏறாது. அவற்றுக்குச் செலவழித்த 600 வெள்ளியை அங்கீகாரம் பெற்ற இல்லத்தின் வங்கிக் கணக்கில் போட்டு, இல்லமே அரிசி வாங்கியிருந்தால் ஏறியிருக்கும். கேட்டரிங் கடைக்கு நீங்கள் நேராகப் பணம் கட்டி இல்லத்துக்குச் சாப்பாடு அனுப்பினாலும் இதே கதைதான். பணம் யார் கைக்குப் போனது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

பொருளாகக் கொடுத்தாலும் கழிவு உண்டு என்று சட்டம் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அரசாங்கத்துக்குக் கொடுக்கும் தொல்பொருள், சுவடி, ஓவியம். தேசிய அல்லது மாநில ஓவியக் கூடத்துக்குக் கொடுக்கும் ஓவியம். பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்து தரும் வசதி. சுகாதார அமைச்சு ஏற்றுக்கொண்ட மருத்துவ நிலையத்துக்குத் தரும் மருத்துவக் கருவி. கடைசியாகச் சொன்னதற்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி. இவை எல்லாவற்றிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொடுத்தவர் மதிப்புப் போடுவதே இல்லை. அருங்காட்சியக இலாகா, ஓவியக் கூடம், ஊராட்சி மன்றம், சுகாதார அமைச்சு என்று வெளியில் ஒருவர்தான் மதிப்பிடுகிறார். விடுதி வாரத்துக்கு அப்படி மதிப்புப் போட யாரையும் சட்டம் நியமிக்கவில்லை, அந்தப் பட்டியலில் அது இல்லவும் இல்லை.

"பணம் கொடுத்தவனுக்குச் சலுகை, இடம் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லையா, இது என்ன நியாயம்?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். எண்களை எழுதிப் பார்த்தால் அந்தக் கோபம் தணிந்துவிடும். வரிக்குரிய வருமானம் 76,000 வெள்ளி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 70,000-க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள படியில் விகிதம் 19 விழுக்காடு. அவர் தன் வாரத்தை 1,400 வெள்ளிக்கு வாடகைக்கு விட்டு, அந்த 1,400-ஐ அங்கீகாரம் பெற்ற இல்லத்துக்குக் கொடுக்கிறார். வருமானத்தில் 1,400 கூடுகிறது, நன்கொடையில் 1,400 குறைகிறது. நிகர விளைவு பூஜ்யம். (வாடகைக்கு எதிராகக் கழியும் செலவுகளை எளிமைக்காக ஒதுக்கி வைக்கிறேன்.) இன்னொருவர் வாரத்தை நேராக இல்லத்துக்கே கொடுக்கிறார். அவருக்கு வருமானமும் இல்லை, கழிவும் இல்லை, அவர் விளைவும் பூஜ்யம். இரண்டாமவருக்கு 1,400 கழிவு கொடுத்தால் என்ன ஆகும்? கைக்கே வராத, வரியே கட்டாத வாடகையைக் காட்டி 266 வெள்ளி மிச்சம் பிடிப்பார். அதைத்தான் சட்டம் தடுக்கிறது. இதில் என் கட்சி சட்டத்தின் பக்கம்தான்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் அமெரிக்க விளக்கங்களைப் படிப்பதால். 'டைம்ஷேரைத் தானம் செய், வரியைக் குறை' என்ற பேச்சு அங்கிருந்து மிதந்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், பயன்பாட்டை மட்டும் கொடுத்தால் அங்கேயும் கழிவு கிடையாது. சொத்தின் ஒரு பகுதி உரிமையை மட்டும் கொடுப்பதைக் கழிக்க முடியாது என்று அவர்களுடைய வரிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு சொல்கிறது. பயன்படுத்தும் உரிமை அந்த வகைக்குள் வருகிறது. அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் வெளியீடு 526-இல் இது எளிய மொழியில் இருக்கிறது. விடுமுறை வீட்டை வாடகைக்கு விடும் ஒருவர் அதில் ஒரு வாரத்தை அறநிதி ஏலத்துக்குக் கொடுத்தால், கழிவு இல்லாதது மட்டுமல்ல, ஏலம் எடுத்தவர் தங்கிய நாள்கள் உரிமையாளரே தங்கிய நாள்களாகக் கணக்கில் சேரும். 1989-இல் ஐ.ஆர்.எஸ். வெளியிட்ட 89-51 தீர்ப்புரை இதைச் சொல்கிறது. அதனால் வாடகைச் செலவுக் கழிவும் அடிபடலாம்.

அங்கே கழிவு உள்ளது முழு உரிமையையும் எழுதிக் கொடுப்பவருக்கு. அதற்கும் மதிப்பு என்பது மறுவிற்பனைச் சந்தை விலை, முதலில் நிறுவனத்திடம் வாங்கிய விலை அல்ல. பணமல்லாத நன்கொடைகள் 500 டாலரைத் தாண்டினால் 8283 பாரம், 5,000-ஐத் தாண்டினால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் இதை அப்பா அம்மாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி வைக்கிறார்கள். அனுப்பும்போது அது அமெரிக்கச் சட்டம் என்ற ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினால் நல்லது.

தவறாகக் கழித்தால் என்ன நேரும்? மின்னியல் முறையில் பாரம் அனுப்பும்போது ரசீது எதுவும் இணைப்பதில்லை. அதனால் எதை எழுதினாலும் முதலில் உள்ளே போய்விடும், வரி திரும்பக்கூட வந்துவிடும். ஆனால் ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்துக்குள் வருமான வரி வாரியம் தணிக்கைக்கு ரசீதைக் கேட்டால், கையில் இருப்பது நன்றிக் கடிதமும் விடுதி வாசலில் எடுத்த குழுப் படமும்தான். ஏழு இரவு, இரவுக்கு 400 என்று 2,800 வெள்ளி கழித்திருந்தால், 19 விழுக்காட்டில் குறைத்துக் கட்டிய வரி 532. அதைக் கட்டுவதோடு, 113(2) பிரிவின் கீழ் அதே அளவு வரை அபராதமும் போட முடியும். ஆக 1,064. ஏற்கெனவே தவறாக அனுப்பியவர்கள், கெடு நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஒரே ஒரு முறை திருத்திய பாரம் அனுப்பலாம். கூடுதல் வரியோடு குறைந்தது 10 விழுக்காடு சேரும். தணிக்கைக் கடிதம் வரும்வரை காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, வாரமும் வீணாகக் கூடாது, வரியிலும் முறையான சலுகை வேண்டும் என்பவர் என்ன செய்யலாம்? இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். அறையை இலவசமாகக் கொடுங்கள், அதற்கு எதையும் கழிக்காதீர்கள். அந்தப் பயணத்துக்கு எப்படியும் பஸ், சாப்பாடு, நுழைவுச் சீட்டு என்று செலவு இருக்கும். உண்மையைச் சொன்னால் இல்லங்கள் தடுமாறுவது அறைக்கு இல்லை, பஸ்ஸுக்குத்தான். அந்தத் தொகையை இல்லத்தின் கணக்கில் பணமாகச் செலுத்தி 44(6) ரசீது வாங்குங்கள். பஸ் நிறுவனத்துக்கு நீங்களே கட்டிவிடாதீர்கள், இல்லம் கட்டட்டும். மேலே சொன்ன வருமானக்காரர் 1,200 வெள்ளி கொடுத்தால் 228 வெள்ளி வரி குறையும்.

குறுக்குவழி ஒன்றும் சிலருக்குத் தோன்றும். இல்லத்துக்கு 2,000 நன்கொடை கொடுத்து ரசீது வாங்கி, இல்லம் அதே 2,000-ஐ 'அறை வாடகை' என்று உங்களுக்குத் திருப்பித் தருவது, அல்லது அந்தப் பணத்தில் உங்கள் பராமரிப்புக் கட்டணத்தை இல்லமே கட்டுவது. பணம் ஒரு சுற்றுச் சுற்றி வீட்டுக்கே வந்துவிட்டால் அது கொடை இல்லை. உங்களுக்கு மட்டுமல்ல, ரசீது கொடுத்த இல்லத்தின் அங்கீகாரத்துக்கும் அது ஆபத்து. செயலாளர்கள் தயவுதாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிட வேண்டும்.

ரசீது விஷயத்தில் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருப்பது வேறு, சமூக நல இலாகாவில் பதிந்திருப்பது வேறு, 44(6) அங்கீகாரம் வேறு. முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாத நல்ல அமைப்புகள் நிறைய. கோவில் உபயச் சீட்டும் அப்படித்தான், எல்லாக் கோவிலுக்கும் அங்கீகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ரசீதில் 44(6) என்ற குறிப்பும் அங்கீகாரக் கடிதத்தின் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் அமைப்பின் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரத்துக்குக் காலவரை உண்டு, போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம். பட்டியலில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தாய் அமைப்புக்கு அங்கீகாரம், ரசீது கொடுப்பது கிளை என்றால் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ரசீதில் உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்க வேண்டும். 'நலன்விரும்பி', 'குடும்பத்தார்' என்றெல்லாம் எழுதச் சொல்லாதீர்கள், அடக்கம் வேறு இடத்தில் காட்டலாம். கணவன் மனைவி தனித்தனியாக வரி கட்டினால், யாருடைய விகிதம் அதிகமோ அவர் பணத்தைச் செலுத்தி அவர் பெயரிலேயே ரசீது வாங்குவது நல்லது. பிறகு மாற்றிக்கொள்ள முடியாது.

அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதில் உச்சவரம்பு, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு. 2020 வரி ஆண்டுக்கு முன் தனிநபருக்கு 7 விழுக்காடாக இருந்தது. பாரத்தில் 'அக்ரிகேட்' என்று வருவதுதான் இந்த மொத்தம். தனிநபர் விலக்கு 9,000, ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) போன்ற விலக்குகளைக் கழிப்பதற்கு முந்தைய தொகை. ஆண்டுக்கு 96,000 சம்பளம் என்றால் வரம்பு 9,600. அதற்கு மேல் கொடுத்ததை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. அரசாங்கத்துக்கோ மாநில அரசுக்கோ ஊராட்சி மன்றத்துக்கோ பணமாகக் கொடுத்தால் இந்த வரம்பு இல்லை. வருமானம் குறைந்து வரியே வராதவருக்குக் கழிவினால் ஒரு பயனும் கிடையாது, ரசீதைத் துரத்த வேண்டாம்.

விருந்து நிகழ்ச்சிகளில் விடுதி வாரத்தை ஏலம் விடும் அமைப்புகளுக்கும் ஒரு வார்த்தை. வாரத்தைக் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை என்பதை மேலே சொன்னேன். ஏலத்தில் 1,500 வெள்ளிக்கு எடுத்தவருக்கு? அவர் பணம் கொடுத்து அறை வாங்கியிருக்கிறார், கைம்மாறு இல்லாத கொடை என்று அதைச் சொல்வது கடினம். முழுத் தொகைக்கும் 44(6) ரசீது எழுதிக் கொடுப்பதற்கு முன் வாரியத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். ஏல அறிவிப்புத் தாளில் 'வரி விலக்கு உண்டு' என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டுப் பிறகு விழிப்பது வீண் வம்பு.

உறுப்பியத்தையே இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து நிதானியுங்கள். அதற்கும் 44(6) கழிவு கிடையாது, காரணம் அதேதான், அது பணமில்லை. அதோடு ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகளுக்கெல்லாம் பராமரிப்புக் கட்டணம் இல்லத்தின் தலையில் விழும். நமக்கு வேண்டாத சுமையை ஆதரவற்ற பிள்ளைகள் தலையில் வைப்பதற்குத் தானம் என்று பெயர் வைக்கக் கூடாது. ஏற்க வேண்டிய நிலை வந்தால் இல்லத்தார் மூன்று தாள் கேட்க வேண்டும்: மீதி ஆண்டுகளைக் காட்டும் ஒப்பந்தம், கட்டண நிலுவை இல்லை என்ற கடிதம், பெயர் மாற்றத்துக்கு நிறுவனத்தின் சம்மதமும் கட்டணமும். டைம்ஷேர் திட்டங்கள் 2016-ஆம் ஆண்டு இன்டரஸ்ட் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்திடம் பதிவாகியிருக்க வேண்டும், அதையும் சரிபார்க்கலாம். "உங்கள் டைம்ஷேரை அறநிறுவனத்துக்கு மாற்றித் தருகிறோம், வரி ரசீதும் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

வாரத்தை இலவசமாகக் கொடுக்க முடிவு செய்தவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். முதலில் உறுப்பியத்தின் விதிகளைப் படியுங்கள். வேறொருவரைத் தங்கவைக்க விருந்தினர் கடிதம் கேட்பார்கள்; டைம்ஷேர் வாரங்களை மாற்றித் தரும் ஆர்சிஐ நிறுவனம் வழியாக மாற்றி எடுத்த வாரம் என்றால் விருந்தினர் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். ஏலத்தில் விடுவது விற்பனை என்று கருதப்பட்டு முன்பதிவே ரத்தாகக்கூடும், அதனால் ஏலத்துக்குக் கொடுப்பவர் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது பாதுகாப்பு.

அடுத்தது ஆள் கணக்கு. இரண்டு படுக்கையறை யூனிட்டில் ஆறு பேர் என்று வைத்தால், 16 பிள்ளைகளும் 4 பொறுப்பாளர்களும் போக நான்கு யூனிட் வேண்டும். ஒருவர் கொடுக்கும் ஒரு யூனிட், ஏழு இரவு, இல்லத்துக்கு அவ்வளவாக உதவாது. ஏழு இரவு யாரும் தங்கப் போவதும் இல்லை. நான்கு உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே விடுதியில் ஒரே இரண்டு இரவுகளை எடுத்துக் கொடுத்தால் உதவும். புள்ளி முறை உறுப்பியம் (வாரத்துக்குப் பதில் புள்ளிகளைச் செலவிட்டு இரவுகளை எடுப்பது) உள்ளவர்கள் வாரநாள் இரவுகளுக்குப் புள்ளி குறைவு என்று அவற்றைக் கொடுக்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்போது பள்ளி. பள்ளி விடுமுறையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே வாரநாள் இரவுகளை முதியோர் இல்லங்களுக்குக் கொடுங்கள், அவர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான். ஆனால் மின்தூக்கி இருக்கிறதா, குளியலறை வாசலில் சக்கர நாற்காலி நுழையுமா, பிடிமானக் கம்பி உண்டா என்று விடுதியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கடற்கரை ஊரான போர்ட்டிக்சன் வரை போய் வாசற்படியில் நிற்கும் நிலை வேண்டாம்.

விடுதி முகப்பில் முன்வைப்புத் தொகைக்குக் கடன் அட்டை கேட்பார்கள். இல்லப் பொறுப்பாளரிடம் அது இருக்காது. ரொக்கமாக ஏற்பார்களா என்று விசாரித்து அந்தத் தொகையை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பொருள் உடைந்தால் கட்டணம் உறுப்பினருக்குத்தான் வரும், அதை மனத்தில் ஏற்றுக்கொண்டு கொடுங்கள். உடன் வரும் தாதியோ பராமரிப்பாளரோ வெளிநாட்டவர் என்றால், அவர் பெயரில் பதிவாகும் அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கேட்கக்கூடும். பதிவு மலேசியர் பெயரில் இருக்கட்டும். நீதிமன்ற உத்தரவில் இல்லத்துக்கு வந்த பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போவது பற்றி இல்ல நிர்வாகம் சமூக நல இலாகாவிடம் முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் சில இல்லங்களில் இருப்பது நம் சமூகத்துக்குத் தெரியாததில்லை. பெயர்ப் பட்டியலை இல்லத்தின் முத்திரையோடு எடுத்துச் செல்வது முகப்பில் நடக்கும் கேள்விகளைக் குறைக்கும். பிள்ளைகளின் படங்களை முகநூலில் போடுவதைத் தவிர்க்கலாம். கொடுத்தவருக்கு அது ஒரு நாள் பெருமை, பிள்ளைக்கு வாழ்நாள் அடையாளம்.

சொந்த வியாபாரம் வைத்திருப்போருக்கு அதே சட்டத்தில் 34(6)(எச்) பிரிவு என்று இன்னொரு வழி இருக்கிறது. கல்வி, சுகாதாரம், வீடமைப்பு போன்ற சமூகத் திட்டச் செலவை வியாபாரச் செலவாகக் கழிப்பது அது. அமைச்சரின் ஒப்புதல் தேவை. ஒரு நாள் உல்லாசப் பயணத்துக்காக அந்தக் கதவைத் தட்டுவது நேர விரயம்.

நன்கொடை அந்தந்த நாட்காட்டி ஆண்டுக்குரியது. டிசம்பர் 31-க்குள் பணம் இல்லத்தின் கணக்கில் சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டு அனுப்பும் பாரத்தில் அது வரும். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குப் பயணம் ஏற்பாடு செய்வோர் பஸ் பணத்தை நவம்பரிலேயே செலுத்தி ரசீதை வாங்கிவிட்டால், ஜனவரித் தேதி போட்ட ரசீதோடு அல்லாட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வரி முகவர் ஒருவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்